அப்பத்தா, ஆனந்தரங்கர், பீர்க்கங்கொடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் இருக்கிறோம். மூத்தவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 7. நாலு வருஷமாக இருவரும் பள்ளிக்கூடம் போகவில்லை, வீட்டில்தான் படிப்பு. பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது கொஞ்ச நாளாக "நீ என்ன படிக்கிறே?" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்கிறார்கள், காய்கறிக் கடையிலும் கேட்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

கடைசியாக என்னென்ன படித்தீர்கள்?

இந்த ஒரு வருஷத்தில் முழுசாகப் படித்தது குறைவு. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' முழுக்க. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகள். தாமஸ் டிரவுட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் திராவிட உறவுமுறை பற்றி 1981-ல் வெளியிட்ட புத்தகத்தில் பாதி. ஜப்பானிய இயற்கை விவசாயி புகுவோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' இரண்டாம் தடவை. நடுநடுவே குறுந்தொகை, அதுவும் ஒரு பீர்க்கங்கொடி படுத்திய பாட்டால்.

குடும்பம், வரலாறு, தோட்டம் என்று மூன்று அலமாரித் தட்டு. திட்டம் போட்டு அமைந்ததில்லை. மாமியார் எங்களோடு வந்து தங்கியதில் குடும்பம் வந்தது, அவர் பேச்சில் வரலாறு வந்தது. மொட்டை மாடி காலியாகக் கிடந்ததால் தோட்டம் வந்தது.

பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கத்தானே படிக்கிறீர்கள்?

ஆரம்பத்தில் அப்படித்தான் படித்தேன். கையில் பென்சிலோடு உட்கார்ந்து, "இதை அவளுக்குச் சொல்லலாம், இதில் ஒரு கேள்வித்தாள் போடலாம்" என்று குறித்துக்கொண்டே போவேன். முதல் வருஷம் முழுக்க ஒரு புத்தகத்தைக்கூட நான் ரசித்துப் படித்ததாக நினைவில்லை. பிள்ளைகளும் நான் புத்தகத்தோடு வந்தாலே பரீட்சை வருகிறது என்று நழுவிவிடுவார்கள்.

இப்போது எனக்காகப் படிக்கிறேன். சிரிப்பு வந்தால் சிரிக்கிறேன், ஆச்சரியமாக இருந்தால் "அட!" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். "என்னம்மா?" என்று யாராவது எட்டிப்பார்த்தால் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுவேன். எட்டிப்பார்க்காவிட்டால் விட்டுவிடுவேன். பாதி நாள் எட்டிப்பார்ப்பதில்லை.

'என் சரித்திரம்' பெரியவர்களுக்கான புத்தகம் இல்லையா? அதில் குடும்பம் பற்றி என்ன இருக்கிறது?

நான் அதைத் தமிழ்த் தாத்தாவின் பெருமைக்காக எடுக்கவில்லை. ஓர் அப்பா தன் பையன் படிப்புக்காக என்ன பாடுபட்டார் என்பதற்காக எடுத்தேன், கடைசிவரை அதற்காகவே படித்தேன்.

1855-ல் பிறந்தவர், சொந்த ஊர் தஞ்சாவூர்ச் சீமையில் உத்தமதானபுரம். அப்பா வேங்கடசுப்பையர் சங்கீதக் கதை சொல்லிப் பிழைத்தவர். வருமானம் இன்றைக்கு உண்டு, நாளைக்கு இல்லை. பையனுக்குத் தமிழ்மேல் ஆசை. எந்த ஊரில் தமிழ் சொல்லித்தர ஆள் இருக்கிறாரோ அந்த ஊருக்குக் குடும்பத்தையே தூக்கிக்கொண்டு போகிறார். அரியலூர், குன்னம் என்று ஊர் ஊராக. ஓர் ஊரில் ஆசிரியரிடம் இருந்த சரக்கு தீர்ந்ததும் அடுத்த ஊர். கடைசியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். அப்போது பையனுக்குப் பதினாறு, பதினேழு வயது.

என்னிடம் "பிள்ளைக்காக வேலையை விட்டியாமே" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் முழித்த நாட்கள் உண்டு. இந்த அப்பா ஊரையே விட்டிருக்கிறார். ஒரு தடவை இல்லை, பல தடவை.

திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் நிறைய வருகிறது. அந்தக் காலத்து எண்சுவடியில் பின்னங்களுக்குப் பெயர் உண்டு: பதினாறில் ஒன்று மாகாணி, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. "முந்திரியா!" என்று சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றைக்குப் பாயசத்தில் கிடந்த முந்திரியை எடுத்துவைத்து "இது 1-இன் கீழ் 320" என்று சாப்பிட்டான். பின்னம் புரிந்ததா என்று நான் சோதிக்கவில்லை.

பெரியவர்களுக்கான புத்தகம்தான். ஆனால் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது என்பதால் நூறுக்கும் மேல் சின்னச் சின்ன அத்தியாயங்கள், ராத்திரி ஒன்று வாய்விட்டுப் படிக்கத் தோதாக இருக்கிறது. 1942-ல் அவர் காலமானதால் சரித்திரம் பாதியில் நின்றுவிடுகிறது. மூத்தவளுக்கு அதுதான் பெரிய குறை. "அப்புறம் என்னாச்சுன்னு எழுதாமலே போயிட்டாரா?" என்று இரண்டு நாள் கோபமாக இருந்தாள்.

அவர் சீவக சிந்தாமணியை அச்சிட்டவர் என்று படித்திருக்கிறோம். அந்தக் கதையும் இருக்கிறதா?

இருக்கிறது. 1880-ல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், "என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று பெரிய பட்டியலாக அடுக்குகிறார். அவர் அசரவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. அந்த ஒரு கேள்வி ஏழு வருஷ உழைப்பாகி 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு என்று வரிசையாக. கல்லூரி ஆசிரியராக இருந்தவர் "தெரியாது" என்று வீட்டுக்குப் போய்ப் படிக்க உட்கார்ந்த இடம் எனக்குப் பிடித்த இடம்.

உறவுமுறைக்கு ஆராய்ச்சிப் புத்தகம் எதற்கு? நமக்குத் தெரியாததா?

எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் மூத்தவள் கேட்டாள்: "அம்மா, அப்பாவோட தங்கச்சி எனக்கு அத்தை. அப்பத்தா உனக்கு அப்பாவோட தங்கச்சி இல்லையே, நீ ஏன் அவங்களை அத்தைங்கிற?"

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "ஏன்னா ஏன்? கட்டிக்கிட்டு வந்த வீட்ல அப்படித்தான் கூப்பிடணும்" என்றார். அது பதிலில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது.

ஒரு தாளில் போட்டுப் பார்த்தோம். அப்பாவின் சகோதரி அத்தை. மாமாவின் மனைவி அத்தை. கணவனின் அம்மா அத்தை. மூன்று ஆட்களுக்கு ஒரு சொல். அதேபோல அம்மாவின் சகோதரன் மாமா, அத்தையின் கணவர் மாமா, மாமனாரும் மாமா. அத்தை மகனையோ மாமன் மகனையோ கட்டுவது வழக்கமாக இருந்தால் இந்த மூன்று பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள், தனித்தனிச் சொல்லுக்கு அவசியமே இல்லை. சித்தி, பெரியம்மா, சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. அவர்கள் அண்ணன், தங்கச்சி முறை. சொல்லிலேயே யாரைக் கட்டலாம், யாரைக் கூடாது என்று எழுதிவைத்திருக்கிறது. டிரவுட்மன் இதைத்தான் ஒரு புத்தகம் முழுக்க அலசுகிறார். தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளில் கிட்டத்தட்ட ஒரே ஏற்பாடு. வடக்கே போனால் சொல்லும் மாறுகிறது, விதியும் மாறுகிறது.

படிப்பதற்கு லேசான புத்தகம் இல்லை. கோடும் வட்டமும் முக்கோணமுமாகப் படங்கள். பாதியில் நிறுத்திவிட்டேன். ஆனால் அந்த ஒரு தாள் இன்னும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வந்து போகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் தங்கள் பெயர் எங்கே என்று தேடுகிறார்கள்.

சொந்தத்தில் கட்டினால் பிள்ளைக்கு நோய் வரும் என்கிறார்களே என்றும் அவள் கேட்டாள். அத்தை மகன், மாமன் மகள் இருவருக்கும் மரபணுவில் எட்டில் ஒரு பங்கு பொது. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் நாலில் ஒரு பங்கு. குறையுள்ள மரபணு இரண்டு பக்கமும் சேர்ந்துவிடும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. நேராகச் சொல்லிவிட்டேன். மாமியார் அவர் மாமன் மகனைத்தான் கட்டியவர். அவர் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

வீட்டுப் பெரியவர்களிடம் கதை கேட்கலாம் என்றால் அவர்களுக்கு வருஷமே நினைவில் இல்லை. என்ன செய்வது?

அவர்களுக்கு வருஷம் நினைவில் இருக்கிறது, நமக்குத்தான் அந்தக் கணக்குத் தெரியவில்லை.

மாமியார் பிறந்தது பாம்பனில். "குரோதி வருஷம் மார்கழியில புயல் அடிச்சப்போ எனக்கு ஒன்பது வயசு" என்பார். 60 வருஷச் சுழற்சியில் பிரபவ முதல் வருஷம். பிரபவ 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. குரோதி 38-ஆவது. 1927-ஓடு 37-ஐக் கூட்டினால் 1964. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது 1964 டிசம்பர் 22, 23 ராத்திரி. மார்கழி முதல் வாரம். அப்படியே பொருந்துகிறது. சித்திரைக்கு முந்தின மாதங்களில் நடந்தது என்றால் மட்டும் கவனம்: குரோதி மாசி என்றால் ஆங்கிலக் கணக்கில் 1965 ஆகிவிடும்.

60 வருஷத்துக்கு ஒரு தடவை அதே பெயர் திரும்ப வருவதால் எந்தச் சுற்று என்பதை ஆளின் வயதை வைத்து முடிவுசெய்ய வேண்டும். மாமியார் வீட்டுப் பழைய பத்திரம் ஒன்றில் 'விக்கிரம வருஷம்' என்று இருந்தது. 14-ஆவது பெயர், ஆகவே 1940. 1880 ஆக இருக்க முடியாது, கையெழுத்துப் போட்டவர் மாமியாரின் அப்பா. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிகள் சொல்வதும் இந்தக் கணக்கில்தான் 1876.

அந்தப் பத்திரத்திலேயே ஒரு வாரம் ஓடியது. கண்மாய்க்குத் தெற்கு, இன்னார் புஞ்சைக்கு வடக்கு என்று சக்குபந்தி. செண்ட் என்றால் என்ன என்று கேட்டான் சின்னவன். ஒரு செண்ட் 435.6 சதுர அடி, நூறு செண்ட் ஓர் ஏக்கர். எங்கள் மொட்டை மாடி 600 சதுர அடி. "நம்ம மாடி ஒண்ணேகால் செண்டுக்கு மேலம்மா, ஒண்ணரைக்குக் கீழே" என்று மூத்தவள் சொன்னாள். அன்றிலிருந்து மாடிக்குப் போவதை "வயலுக்குப் போறேன்" என்கிறார்கள்.

பெரியவர்கள் சொல்வதும் புத்தகத்தில் இருப்பதும் ஒத்துவராவிட்டால்?

அதுதான் நல்ல இடம். பாம்பன் பாலம் 1914-ல் திறந்தது. அந்தப் புயலில் 145 கண்களில் 126-இன் இரும்புத் தளம் போய்விட்டது. அப்போது இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் சரிசெய்தார்கள் என்று எல்லா இடத்திலும் படிக்கிறோம். மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "46 நாளாம்! ரெண்டு மாசத்துக்கு மேல ரயில் இல்லை. கிணத்துல உப்பு ஏறிருச்சு, குடிதண்ணி படகுல வந்துச்சு. எங்க ஐயா லைன் வேலையில இருந்தாரு, எனக்குத் தெரியாதா?" என்றார்.

மூத்தவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவங்க வேலை ஆரம்பிச்ச நாள்லேருந்து எண்ணியிருப்பாங்க. அப்பத்தா புயல் அடிச்ச நாள்லேருந்து எண்ணுறாங்க" என்றாள். இரண்டும் சரியாக இருக்கலாம். பாலம் கட்டினவருக்கு ஒரு நாள்காட்டி, தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவருக்கு இன்னொன்று. நான் பதினைந்து வருஷம் பள்ளி, கல்லூரியில் வரலாறு படித்திருக்கிறேன், இது எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு பிள்ளைகளுக்கு ஏற்றதா?

இல்லை. பெரியவர்களுக்கே பொறுமை வேண்டும். 1736-லிருந்து 1761 வரை கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு எழுதியிருக்கிறார். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்), பெரிய வியாபாரி. கப்பல் வந்தது, சரக்கு விலை, கவர்னர் வீட்டு ரகசியம், யார் வீட்டுக் கல்யாணம், எந்த நட்சத்திரம் என்று எல்லாம் கலந்து கிடக்கும். 1761 ஜனவரி 12-ல் இறந்தார். நாலே நாளில் புதுச்சேரி இங்கிலீஷ்காரர் கையில் விழுந்தது. காட்சியாக அமைத்த மாதிரி இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

அதைப் படித்ததில் வீட்டில் நடந்த ஒரே மாற்றம், மாடித் தோட்டத்துக்கு ஒரு நாட்குறிப்பு நோட்டு வந்தது. கிழமை, மழை, என்ன விதைத்தோம், என்ன செத்தது. மூத்தவள் கையெழுத்தில் ஒரு பக்கம்: "இன்று மாலை எதிர்வீட்டுப் பூனை மீன் அமிலப் பானையைத் தள்ளிவிட்டது. கீழ்வீட்டு மாமி மேலே வந்து பேசினார். அம்மா மன்னிப்புக் கேட்டாள்." துபாஷி தோற்றார்.

(மீன் அமிலம் என்பது மீன் கழிவும் நாட்டு வெல்லமும் எடைக்கு எடை போட்டு மூடி ஊறவைப்பது. செடிக்கு அமிர்தம். கீழ்வீட்டுக்காரர்களுக்கு இல்லை.)

கீழடி, சிவகளை எல்லாம் காட்டினீர்களா?

கீழடி எங்கள் ஊரிலிருந்து பேருந்து ஏறினால் கொஞ்ச நேரம். 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்த பிறகு மூன்று தடவை போய்விட்டோம். சின்னவனுக்கு உறைகிணறு, மூத்தவளுக்குப் பானை ஓட்டில் கீறிய பெயர்கள். தூத்துக்குடிப் பக்கம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் அறிவித்தார்கள். அதைப் படித்துக் காட்டியபோது மாமியார், "அப்பவும் சோறுதானா" என்று மட்டும் சொன்னார்.

தோட்டத்திலிருந்து எப்படி வரலாற்றுக்குப் போவது?

எங்கேயும் போக வேண்டாம், தொட்டிக்குத் தொட்டி அதுதான் கிடக்கிறது. மிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி, நிலக்கடலை, உருளைக்கிழங்கு, மரவள்ளி, முந்திரி எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்த்துக்கீசியர் 1498-ல் கள்ளிக்கோட்டையில் இறங்கியதற்குப் பிறகு வந்தவை. ராஜராஜ சோழன் மிளகாய் தின்றதில்லை. இதை மட்டும் சொன்னேன், அன்றைக்கு முழுக்க வீட்டில் வேறு பேச்சில்லை. "சாம்பார்?" இல்லை. "தக்காளி ரசம்?" இல்லை. "பாவம்மா!"

பெயர்களே சொல்லிவிடுகின்றன. மிளகு போலக் காரமான காய், மிளகாய். நாங்கள் சர்க்கரைப் பூசணி என்பதைச் சென்னைப் பக்கம் பரங்கிக்காய் என்கிறார்கள். பரங்கிக்காரன் கொண்டுவந்த காய். கொய்யா, அன்னாசி இரண்டும் போர்த்துக்கீசியப் பெயரோடேயே இறங்கியவை. மேசை, சாவி, ஜன்னல், அலமாரியும் அப்படியே. சின்னவன் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு வீட்டிலுள்ள போர்த்துக்கீசியச் சாமான்கள்மேல் எல்லாம் 'போ' என்று எழுதினான். அலமாரியில் இன்னும் அழியவில்லை.

அப்போது மாமியார் சொன்னதுதான் முக்கியம். அவர் தெரிந்த சில வீடுகளில் திதி அன்றைக்குச் சமையலில் மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகுதான். தக்காளி, உருளைக்கிழங்கும் கிடையாது. காரணம் யாருக்கும் தெரியாது, அப்படித்தான் என்பார்கள். முன்னோர்களுக்கு அவர்களுக்குத் தெரிந்த காயைத்தான் போடுகிறார்கள்போல என்று மூத்தவள் சொன்னாள். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை, ஆனால் எந்தப் புத்தகத்தையும்விட அது எனக்குப் பிடித்திருந்தது.

புகுவோகாவைப் படித்தால் தோட்டத்தில் ஒன்றும் செய்ய வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?

அப்படி நினைத்துத்தான் நானும் கெட்டேன். முதல் தடவை படித்துவிட்டு மாடியில் பன்னிரண்டு தொட்டிகளைச் "சும்மா" விட்டேன். களை எடுக்கவில்லை, உரம் போடவில்லை. இரண்டு மாதத்தில் கத்தரிச் செடி முழுக்க மாவுப்பூச்சி, வெண்டையில் அசுவினி, பாகல் காய்ந்தே போனது.

இரண்டாம் தடவை படித்தபோதுதான் கண்ணில் பட்டது. அந்த மனிதரே இதே தப்பைச் செய்திருக்கிறார். ஜப்பானில் ஷிகோகு தீவுக்காரர். அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தைக் கையில் வாங்கி, கவாத்து செய்வதைத் திடீரென்று நிறுத்தியிருக்கிறார். வருஷக்கணக்காக வெட்டி வளர்த்த மரங்கள், கிளை கிளையோடு பின்னிப் பூச்சி விழுந்து பட்டுப்போயின. கைவிடுவது வேறு, இயற்கை வேளாண்மை வேறு என்று அவர் சொல்வது அந்த அனுபவத்தில். ஒரு தடவை வெட்டிப் பழக்கிய மரத்துக்கு வெட்டாமல் இருப்பதும் ஒரு வைத்தியம் மாதிரி மெல்ல மெல்லத்தான்.

பள்ளியிலிருந்து பிள்ளையை நிறுத்திய முதல் ஆறு மாதம் எங்கள் வீடும் அந்த ஆரஞ்சுத் தோட்டம்தான். மணி அடித்துப் பழகிய பிள்ளை, மணி இல்லை என்றதும் காலை பத்து மணிக்கு என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நானும் "சுதந்திரம்" என்று விட்டுவிட்டேன். இப்போது காலையில் இரண்டு மணி நேரம் கணக்கும் மொழியும் கட்டாயம். வேண்டாம் என்று அழுதாலும் உண்டு.

அப்படியானால் தொட்டிக்கு என்ன மண், என்ன மருந்து?

சுருக்கமாக: செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. நார்க்கழிவை நாலைந்து தடவை தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள், உப்பு இருக்கும். பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளிப்பது. மீன் அமிலம் லிட்டருக்கு 10 மில்லிக்கு மேல் வேண்டாம். மாடித் தளம் எவ்வளவு எடை தாங்கும் என்று கட்டினவரிடம் கேட்டுவிட்டுத் தொட்டியை ஏற்றுங்கள். நனைந்த மண் நினைப்பதைவிடக் கனக்கும். விதைப்பதை ஆடியில் தொடங்குங்கள்.

விதை வாங்கும்போது மட்டும் ஜாக்கிரதை. புடலை என்று அட்டை போட்டு வாங்கியது ஒரு தடவை சுரையாக முளைத்தது. கல் கட்டி நீட்டலாம் என்று கூழாங்கல் பொறுக்கி வைத்திருந்த சின்னவனுக்கு அது பெரிய துரோகம். இப்போது முற்றிய காயிலிருந்து நாங்களே விதை எடுத்துச் சாம்பலில் புரட்டி வைக்கிறோம்.

பீர்க்கங்கொடிக்கும் குறுந்தொகைக்கும் என்ன சம்பந்தம்?

கொடி தழைத்து ஏறியது, பூத்தது, பிஞ்சு நிற்கவில்லை. பூசணிக்கு விடிகாலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவுவது தெரியும், அதையே பீர்க்கைக்கும் செய்யலாம் என்று தினமும் காலை ஆறரைக்கு மேலே போவேன். பூ எல்லாம் சுருண்டு கிடக்கும். வெயில் அதிகம், தண்ணீர் போதவில்லை என்று என்னென்னவோ நினைத்தேன்.

ஒரு நாள் காயப்போட்ட துணி எடுக்க மூத்தவள் சாயங்காலம் ஐந்தரைக்கு மேலே போனாள். "அம்மா, இங்கே வா" என்று கத்தினாள். கொடி முழுக்க மஞ்சள். ஒவ்வொன்றாக அப்போதுதான் இதழ் விரிந்துகொண்டிருந்தது. பீர்க்கம்பூ மாலையில் விரிவது. சுரையும் அப்படித்தான், பொழுது சாய்ந்தபின் வெள்ளையாக. நான் மூன்று வாரமாகத் தூங்கப்போன பூவுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கே கொத்தாக இருந்த ஆண் பூவில் ஒன்றைக் கிள்ளி, அடியில் வரிவரியாகப் பிஞ்சு வைத்திருந்த பெண் பூவில் தடவினோம். நாலாம் நாள் பிஞ்சு ஒரு விரல் நீளம்.

பீர்க்கம்பூவைப் பற்றி யாராவது எழுதியிருப்பார்களா என்று தேடப்போய்க் குறுந்தொகை 98-இல் நின்றேன். தலைவன் திரும்பி வரவில்லை. தலைவி தோழியிடம் சொல்கிறாள்: நம் வீட்டுப் படப்பையில் மழைக்குத் தழைத்த புதர்மேல் பூத்திருக்கும் பீர்க்கம்பூவில் சிலவற்றை எடுத்துக்கொண்டு போய், அவள் நெற்றி இந்த நிறமாகிவிட்டது என்று அவரிடம் சொல்வார் யாராவது கிடைத்தால் நன்றாயிருக்கும். அவ்வளவுதான் பாட்டு, ஐந்தே வரி. பசலையின் மஞ்சள், பிரிவில் உடம்பில் படரும் வெளிறல்.

படப்பை என்றால் வீட்டை ஒட்டிய தோட்டம். நான் அந்தப் பாட்டைக் கல்லூரியில் படித்திருக்கலாம், நினைவில்லை. பூவைப் பார்த்தபின் படித்தபோதுதான் அந்த மஞ்சள் எது என்று தெரிந்தது. வெளிறின மஞ்சள், செவ்வந்தி மாதிரி அடர்த்தி கிடையாது.

புத்தகத்துக்கு நிறையச் செலவாகுமே?

சொத்து வரி ரசீதைப் பாருங்கள், அதோடு நூலக வரியும் கட்டியிருப்பீர்கள். 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. வரியைக் கட்டிவிட்டு நூலகத்துக்குப் போகாமல் இருப்பது பந்திக்கு மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் வருகிற கதை. மதுரைக்காரர்களுக்குப் புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் வந்துவிட்டது. பழைய தமிழ் நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. நான் சொந்தமாக வாங்கியது, அடிக்கடி புரட்ட வேண்டிய மூன்று மட்டும்.

இதெல்லாம் சரி, பரீட்சை? சட்டம்?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை அதில் இல்லை. வீட்டுக் கல்வி என்ற சொல்லும் இல்லை. இந்த இடைவெளியில்தான் நாங்கள் நிற்கிறோம் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன், யோசித்துவிட்டு இறங்குங்கள். எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப் பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு 14. மூத்தவள் எட்டாம் வகுப்பை எழுதிப்பார்க்கிறேன் என்கிறாள்.

சின்னவனுக்குப் புத்தகமே பிடிக்காதாமே?

பிடிக்காது. கேட்பான், படிக்கமாட்டான். ஏழு வயதில் இப்படியா என்று சொந்தக்காரர்கள் முன்னால் எனக்கே வயிறு கலங்கும். தினமும் இருபது நிமிஷம் உட்காரவைக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாக எழுத்துக் கூட்டுகிறான். தோட்ட நோட்டில் போன வாரம் அவனாகவே ஒரு வரி எழுதியிருந்தான்: "பீக்கங்காய் 3". ர் இல்லை. நான் திருத்தவில்லை, அவன் அக்கா திருத்திவிட்டாள், அதற்கு ஒரு சண்டை.

அடுத்து என்ன படிக்கப்போகிறீர்கள்?

பாம்பன் கால்வாய், தலைமன்னார்க் கப்பல், அந்தக் கப்பலுக்கு ஆள் கொண்டுவந்த போட் மெயில் ரயில் பற்றி ஏதாவது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததிலிருந்து பிள்ளைகள் ரயிலில் போகலாம் என்று நச்சரிக்கிறார்கள். மாமியாரையும் கூப்பிட்டோம். தனுஷ்கோடிக்கு வரமாட்டாராம், அதைக் கண்ணால் பார்க்க வேண்டாம் என்கிறார். பாம்பன்வரை வருகிறாராம். உப்பு ஏறின அந்தக் கிணறு இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டுமாம். மூத்தவள் நோட்டில் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு, மேலே "கிணறு" என்று எழுதிவைத்திருக்கிறாள்.